வெள்ளியும் இல்லை, ஞாயிறும் இல்லை

ஹமீது நானாவின் வீட்டு முற்றத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தவற்றைப் பிரித்தெடுக்கும் சத்தம் படலை வரை கேட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் தொங்கிய அலுவலகப் பையோடு அப்படியே உள்ளே போனேன்.

உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் பாயில் நிஸா. காலையில் உப்பளத்துக்குப் போன அவள் கணவர் ஹமீது நானா, பத்து மணிபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவேயில்லை. எனக்குச் செய்தி வந்தபோது நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நிஸா நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய முகம். நான் அவள் பக்கத்தில் குந்தினேன். அந்த இடத்தில் ஒரு முஸ்லிம் மனுஷியின் வாயிலிருந்து முதலில் என்ன வர வேண்டும் என்பது ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்க வேண்டும். அது வராவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

நான் கேட்டது இது.

“கிராம சேவகருக்குச் சொல்லியாச்சா? நானாட அடையாள அட்டை எங்க இரிக்கி?”

மூலையில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்கள்.

நிஸா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வருகிற பெண்கள் வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒரு குரலில் பேசுவார்கள். அந்தக் குரலில் சொன்னாள்.

“அலுமாரிக்குள்ள இரிக்கி, டீச்சர்.”

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் என்னை ராத்தா என்றுதான் கூப்பிட்டவள். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும்தான் கூப்பிடுவோம். டீச்சர் என்பது மற்றவர்கள் எனக்கு வைத்த பெயர்.

நான் சொல்லிக்கொடுத்த பாடம்

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பழையவர்கள் இரண்டு பந்தியைத் தாண்டிப் போகலாம், எனக்குக் கோபமில்லை.

தொண்ணூறில் மன்னாரை விட்டு விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து புத்தளக் கரையில் ஒதுங்கியவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போகலாம் என்றார்கள். போனவர்களும் முழுதாகப் போகவில்லை, இருந்தவர்களும் முழுதாக இருக்கவில்லை. காணி அங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே. வாக்கு ஒரு மாவட்டத்தில், கிளினிக் கொப்பி இன்னொரு மாவட்டத்தில். ஒரு குடும்பத்தின் கடதாசிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து நான் கண்டதேயில்லை.

அந்தக் கடதாசிகளுக்கு நடுவே அகப்பட்ட பெண்களுக்காகத்தான் எங்கள் அமைப்பு. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், புருஷன் கடலில் போய்த் திரும்பாதவர்கள். அவர்களோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவோம். மனம் உடைந்து போனவர்களை ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம். நான் தலைவி. நிஸா எனக்கு வலது கை. கண்டக்குழி, தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்களைப் பிலோமினா பார்த்துக்கொண்டாள். அவள் கண்டக்குழிக்காரி, வள்ளமும் வலையும் வைத்து ஆள் நடத்துகிற சம்மாட்டி வீட்டுக் குரல், தெருவில் நின்று கூப்பிட்டால் கடலில் கேட்கும்.

மரணத்தை நேரத்துக்குப் பதியாததால் ஒரு பெண் மூன்று வருஷம் அலைந்தாள். அப்படிப் பலரைக் கண்டு நொந்துபோய்த்தான் பயிற்சி வகுப்பில் ஒரு நாள் சொன்னேன்: மவுத்து வீட்டுக்குப் போனால் முதலில் பேப்பரைக் கேளுங்கள், அழுகை நாளைக்கும் வரும், கந்தோரை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நிஸாதான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அதை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் அது மெல்ல என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை.

பெயர்ப்பலகை

கற்பிட்டி வீதியோரம் எங்கள் அலுவலகத்தின் முன்னால் ஒரு பெயர்ப்பலகை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. எழுதியவர் ஹமீது நானா. உப்பளத்து வேலை இல்லாத மாரி நாட்களில் கடைப் பலகைகள் எழுதுவார். ‘ழ’வை அவர் வளைக்கிற அழகைப் பார்க்கவே நிற்கலாம்.

பலகையின் அடியில் சிவப்பில் ஒரு வரி: ‘ஏழு நாளும் திறந்திருக்கும்’.

அந்த வரியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கதை எளிது. முஸ்லிம் ஊழியர்களுக்கு வெள்ளி லீவு, கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறு லீவு. வெள்ளியன்று பிலோமினாவும் அவள் ஆட்களும் அலுவலகத்தைத் திறப்பார்கள். ஞாயிறு எங்கள் ஆட்கள் திறப்பார்கள். இப்படி ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் பார்த்துக்கொள்வதால் கதவு ஒரு நாளும் பூட்டுவதில்லை. வருகிற வெளியாட்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்வேன். அவர்கள் தலையைத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போவார்கள்.

ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. தலைவிக்கு எது லீவு?

வெள்ளியில் நான் போவேன். பிலோமினாவின் ஆட்கள் என்னைக் குறை நினைக்கக் கூடாதே, முஸ்லிம் பெண்களுக்கு மட்டும்தான் டீச்சர் என்று சொல்லிவிடக் கூடாதே என்று போவேன். ஞாயிறில் போகாமல் இருக்க முடியுமா, அது எங்கள் ஆட்களின் நாள். சனி பயிற்சி. பெருநாளுக்கு முஸ்லிம்கள் லீவு, ஆனால் அலுவலகம் திறந்திருக்குமே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று வட்டிலப்பத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கத்தோலிக்கரின் நத்தாருக்கும் அதே கதை. தலவிலத் திருவிழாவில் காணாமல் போகிற பிள்ளைகளைச் சேர்த்துவைக்க நாங்கள் போட்ட கொட்டிலில், சாந்த அன்னம்மாள் பாட்டு முழுக்க எனக்குப் பாடமாகும் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆக, இரண்டு சமயத்தின் ஓய்வு நாளும் இருக்கிற ஒரு அலுவலகத்தில், இரண்டுமே இல்லாத ஒருத்தி இருந்தாள். வேறு ஊரில் இப்படி ஒரு கோமாளித்தனம் நடந்திருக்காது. ஹமீது நானா ஒருவர்தான் அதைக் கண்டவர். பலகையை மாட்டிவிட்டு ஏணியில் நின்றபடியே கேட்டார்: “டீச்சர், எட்டாவது நாள் எப்ப வருது?”

நான் சிரித்தேன். பிறகு அவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சீனி கூடின தேநீர்

அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது அடுக்கிச் சொல்லலாம். அப்போது எதுவும் தெரியவில்லை.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கற்பிட்டி வரை போய், கடைசித் தரிப்பில் நடத்துநர் தட்டி எழுப்புவார். நான் தூங்கியிருக்க மாட்டேன், கண் திறந்துதான் இருக்கும். வீட்டில் என் மனுஷன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மூன்று தரம் கூப்பிட்டேன் கேட்கவில்லையா என்பார். கேட்கவில்லைதான். ஒரு நாள் தேநீரில் சீனி கூடிவிட்டது என்று பிலோமினாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தேநீர் போட்டது நான்தான்.

முன்பெல்லாம் ஒரு பெண் வந்து தன் கதையைச் சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அது போய், கதை கேட்கும்போதே இதற்கு எந்தப் படிவம் என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. அழுகிறவளின் கண்ணீர் நிற்பதற்குள் படிவம் நிரப்பி முடிந்துவிடும். நான் தேர்ந்துவிட்டேன், இனி எதுவும் என்னை அசைக்காது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அட்டைப்பெட்டி மூடி

இன்னும் பின்னால் ஒரு கதை. முகாம் காலம். கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக, எங்கள் கொட்டிலுக்கும் நிஸாவின் கொட்டிலுக்கும் நடுவே ஒரு சாக்குத்தான் சுவர். அவள் இருமினால் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன், நான் திட்டினால் அவள் அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள்.

என் வாப்பா மவுத்தானது அந்தக் கொட்டிலில்தான். சோழகக் காற்று மண்ணை வாரி அடிக்கிற மாதம். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு இலை அசையவில்லை. வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள், அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள், மன்னார் மண்ணில் அடங்கக் கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். நிஸா ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நிவாரணத்துக்கு வந்த ஏதோ ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து, என் பின்னால் உட்கார்ந்து விசிறினாள். காலையில் தொடங்கியவள் பின்னேர அஸர் தொழுகை வரை கையை மாற்றி மாற்றி விசிறிக்கொண்டேயிருந்தாள்.

அந்த அட்டையில் ஒரு பிஸ்கட் படம் இருந்தது. வாப்பாவின் முகத்தோடு அந்தப் பிஸ்கட் படமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவளிடம்தான் நான் அடையாள அட்டை கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வலை

ஜனாஸா அடக்கத்துக்குப் போன மறுநாள் நான் வழமைபோல் அலுவலகம் போனேன். நிஸா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் எங்கள் பெண்கள் வீட்டோடு இருக்கிற காலம் அது. அவள் வேலையையும் நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அலுவலகத்துக்குப் பிலோமினா வந்து நின்றாள். பூசைக்குப் போன சேலை, கையில் செபமாலை. ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மேசையில் கிடந்த அலுவலகக் கைத்தொலைபேசியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மவுத்து வீட்டில் நடந்ததை எல்லாரும் கதைக்கிறார்கள் என்றாள். என்ன கதைக்கிறார்கள் என்று சீறினேன். டீச்சருக்கு ஏதோ சுகமில்லை என்று கதைக்கிறார்கள், நான் மட்டும்தான் அதை முகத்துக்கு நேரே சொல்ல வந்திருக்கிறேன் என்றாள்.

தன் புருஷனை உதாரணம் காட்டினாள். கண்டக்குழியில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை, பூசை முடிய வலையைக் கரையில் விரித்து வைத்துவிட்டு மனுஷர் மனுஷராக இருப்பார்கள், வலையும் காயும் என்றாள்.

“இப்ப எல்லாம் நைலோன் வலைதானே” என்றேன். “அத என்னத்துக்குக் காயப்போடணும்?”

“அது காயாட்டியும் பரவாயில்ல டீச்சர். விரிச்சாத்தானே எங்க பிஞ்சிரிக்கி எண்டு தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுப் போ என்று கத்தினேன். அவள் வைக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்து, பின்னேரம் வரை வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள், பூசைச் சேலையோடு.

படிவத்தில் ஒரு வெற்றிடம்

அந்த வாரம் ஒரு படிவம் எடுத்தேன். கிளினிக்குக்கு அனுப்புகிற பெண்களுக்கு நாங்கள் நிரப்பிக் கொடுக்கிற படிவம். நானே அச்சடித்தது. பெயர் எழுதினேன். வயது எழுதினேன். ‘பிரச்சினை’ என்று ஒரு கட்டம். மற்றவர்களுக்காக அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். எனக்காக ஒரு சொல்லும் வரவில்லை. அதை வெறுமையாக விட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நான் எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு நடந்த அதே நடைபாதை. டெட்டோல் மணம், சுவரோரம் நீள வாங்கு. வாங்கில் தலவிலப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கணவனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து ஒரு சொல் பேசாமல் இருந்தவளை, இரண்டு வருஷத்துக்கு முன் கையைப் பிடித்து இதே வாங்கில் நான்தான் உட்காரவைத்தேன். இப்போது தனியாக வந்து மருந்து எடுத்துப் போகிறாள்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. எழும்பி நின்றாள்.

“டீச்சர், இண்டைக்கி ஆரைக் கூட்டி வந்தீங்க?”

வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்புக்குக் காய்ச்சல் வருவதுபோலத்தான் மனதுக்கும், என்று அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த வாயால் சொன்னேன்: ஒரு பிள்ளையக் கூட்டி வந்தேன், நம்பர் துண்டு எடுக்கப் போயிருக்கு.

பொய் சொன்னால் அதற்கேற்றபடி நடக்க வேண்டுமே. இல்லாத அந்தப் பிள்ளையைத் தேடுகிறவள்போல் நடைபாதையின் கடைசி வரை போனேன். மருந்தகத்தை எட்டிப் பார்த்தேன். அப்படியே பின் கேட்டால் வெளியே வந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். நிஸாவிடம் கேட்ட கேள்விக்குக் கூட இவ்வளவு கேவலமாக உணரவில்லை.

பையில்லாமல்

அதுவரை நிஸாவைப் பார்க்க நாலு பேரோடுதான் போய்வந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வாங்க டீச்சர், இருங்க டீச்சர் என்பாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

கிளினிக்கிலிருந்து ஓடிவந்த மறுநாள் தனியாகப் போனேன். பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். தோள் வெறுமையாக இருந்ததால் நடையே சரியில்லை.

வெள்ளை உடுத்து நிஸா அறையில் இருந்தாள். என் தோளைப் பார்த்தாள்.

“வாங்க டீச்சர். இண்டைக்கி என்ன பேப்பர்?”

பேப்பர் ஒன்றுமில்லை என்று இரண்டு கையையும் காட்டினேன். உட்கார்ந்தேன். எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது, அன்றைக்கு அவள் எனக்குச் செய்ததுபோல ஒன்றும் பேசாமல் அவளுக்கு விசிறலாமென்று. அண்ணாந்து பார்த்தால் மேலே மின்விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. கரண்டும் போகவில்லை. சும்மா இருந்தேன்.

பிறகு அன்றைக்குக் கேட்ட கேள்வியைப் பற்றித் தொடங்கினேன். அவள் கையமர்த்தினாள். அது சரியான கேள்விதான், கேட்டிராவிட்டால் பதிவு பிந்தியிருக்கும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“கேள்வி பிழையில்ல. அண்டைக்கி நீங்க என்னப் பார்க்கல்ல. ஒரு கேஸப் பார்த்தீங்க.”

ஓம், கேஸத்தான் பார்த்தேன் என்றேன்.

கிளினிக் கதையைச் சொன்னேன். வாங்கு, அந்தப் பெண், இல்லாத பிள்ளை, பின் கேட்டு. நிஸா கேட்டுக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். இத்தா வீட்டில் சத்தமாகச் சிரித்துவிடக் கூடாதே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. அவள் அழ, எனக்கும் வந்தது. ஹமீது நானாவுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். அந்த ஏணியும் அவர் கேட்ட எட்டாவது நாளும் கண்ணுக்குள் நிற்க, விக்கி விக்கி அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலகையிலுள்ள அந்தச் சிவப்பு வரியை அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அவர்ட எழுத்தில கை வைக்க வேணாம். கந்தோர் ஏழு நாளும் திறந்தே இரிக்கட்டும். நீங்க வராம இரிங்க.”

இவ்வளவு இலேசான கணக்கு அத்தனை வருஷமும் எனக்குத் தோன்றவேயில்லை.

வெளிக்கிடும்போது, இத்தா முடியட்டும், கிளினிக்குக்கு நான் கூட வாறேன் என்றாள். டீச்சர் என்றும் சொல்லவில்லை, ராத்தா என்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு வெள்ளி

நிர்வாகக் குழுவில் வெள்ளியும் ஞாயிறும் வரமாட்டேன் என்று அறிவித்தேன். நீங்கள் இல்லாவிட்டால் எப்படி என்று ஒருவர் கேட்டார். உள்ளுக்குள் எனக்கு இனித்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கேள்வியைக் காதால் கேட்கத்தான் ஏழு நாளும் போய்வந்தேனோ என்று அன்றைக்குச் சந்தேகம் வந்தது. நோயாளிக்குத் தன் நோயில் கொஞ்சம் பிரியமும் இருக்கும்போல.

முதல் வெள்ளி, அலுமாரியை இரண்டு தரம் அடுக்கினேன். தேங்காய் துருவினேன். என் மனுஷன் பயந்துபோய்ப் பள்ளிவாசலுக்கு நேரத்தோடேயே புறப்பட்டுவிட்டார். தொலைபேசி பிலோமினாவிடம். மணி அடிப்பதுபோல் காதுக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஜும்ஆ முடிந்து அவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்து சோறு தின்றோம். நெத்தலிப் பொரியல் நல்லாயிருக்கே, எங்கே வாங்கினது என்று கேட்டேன். இருபது வருஷமாக ஒரே இடத்தில்தான் வாங்குகிறேன் என்றார்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு வெள்ளியன்று யாரோ ஒரு பெண் அலுவலக வாசல் வரை வந்து, டீச்சர் இல்லையா, பிறகு வாறேன் என்று போய்விட்டாள். பிலோமினா பின்னால் ஓடிக் கூப்பிட்டும் நிற்கவில்லை. அவள் பிறகு வரவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. பச்சைக் குடை பிடித்திருந்தாள் என்று பிலோமினா சொன்னாள். அந்தக் குடையை நான் இன்னும் வீதியில் தேடுகிறேன். ஆனாலும் அடுத்த வெள்ளி வீட்டிலேயே இருந்தேன். அதுதான் இந்த வேலையில் நான் செய்ததில் கஷ்டமானது.

வாங்கில் இடம்

இத்தா முடிந்து வெள்ளையைக் கழற்றிய பெண்ணைச் சொந்தக்காரர் வீடு வீடாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். நிஸாவையும் கூப்பிட்டார்கள். அவளோ அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை கறுப்பு அபாயா போட்டு, காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கியது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான்.

பஸ்ஸில் போகும்போது உப்பளம் வந்ததும் அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பாலாவி வரும் வரை விடவில்லை.

மருத்துவர் உள்ளே என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். தாய்மொழியில் என்றால் அவ்வளவு சொல்லியிருப்பேனா தெரியாது. அதுவல்ல நான் சொல்ல வந்தது. அதற்கு முன் வெளியே நடந்ததைத்தான்.

அதே நடைபாதை, அதே டெட்டோல் மணம். துண்டு எடுத்தது நிஸா. என் பெயர் எழுதிய படிவமும் அவள் கையில்தான் இருந்தது. வாங்கு நிறைய ஆட்கள். மாதத்துக்கு ஒருமுறை மருந்துக்கு வருகிறவர்கள் மறுபடி சந்திப்பது அதிசயமில்லை, ஆனாலும் அந்தத் தலவிலப் பெண்ணைக் கண்டதும் எனக்குக் கால் பின்வாங்கியது. பின் கேட்டு எந்தப் பக்கம் என்று என் கண் தேடியதை நிஸா பார்த்துவிட்டாள்.

அந்தப் பெண் நிஸாவின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். ஸலாம் சொல்லத் தெரியாமல் கையைக் கூப்பினாள். நானாவின் மவுத்தைக் கேள்விப்பட்டேன் என்றாள். பிறகு வழமையான அன்போடு நிஸாவிடம் கேட்டாள்.

“மிஸ், இண்டைக்கி ஆரைக் கூட்டி வந்தீங்க?”

நிஸா நினைத்திருந்தால் ஒரு பிள்ளை, துண்டு எடுக்கப் போயிருக்கு என்று என்னைக் காப்பாற்றியிருக்கலாம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ராத்தா?” என்றாள், மெதுவாக.

நான் அந்த வாங்கை நோக்கி ஓரடி வைத்தேன்.

“என்னத்தான்” என்றேன் அந்தப் பெண்ணிடம். “என்னத்தான் கூட்டி வந்திரிக்கா.”

அந்தப் பெண் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து, வாங்கில் எனக்கு இடம் விட்டாள்.